எட்டு விளக்கும் ஒரு பாய்லரும்

கர்ரவிரா ஊரில் மெரினுக்கு ஒரு வருடமாகக் 'கும்மிருட்டு' என்றுதான் பெயர். பெட்ரோல் போடப் போனால்கூட பங்க் வைத்திருக்கும் கிளைவ், "டார்ச் எடுத்துட்டு வந்தியா?" என்று கேட்பான். போன வருடம் ஊர் மண்டபத்தில் நடந்த நாடகத்தில், கதாநாயகி சுடப்படும் நேரம் பார்த்து மேடை விளக்கெல்லாம் பொசுக்கென்று அணைந்தது. மேடை சுவிட்சை எத்தனை முறை தூக்கிவிட்டாலும் விழுந்துகொண்டே இருந்தது. விளக்குக்குப் பொறுப்பு மெரின். சம்பளமில்லாத வேலை, திட்டு மட்டும் தாராளம்.

இந்த வருடம் ஒரு நொடிகூட இருட்டக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். கோதுமைக் கிடங்கில் லாரிக்கு எடை போடுகிறவளுக்குக் கணக்கு புதிதா என்ன? விளக்கு ஒன்று ஐந்நூறு வாட். எட்டு விளக்குக்குப் பதினேழரை ஆம்பியர். மேடைச் சுவர் சர்க்யூட் இருபது தாங்கும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அப்படியானால் போன வருடம் என்ன கேடு வந்தது? மேடை சுவிட்சை அணைத்துப் பார்த்தாள். பின்னாலிருந்த சமையலறையிலிருந்து யூனாவின் குரல் வந்தது, யார் பாய்லரை நிறுத்தியது என்று.

எந்தப் புண்ணியவானோ அந்தக் காலத்தில் சமையலறையையும் மேடையின் லைனிலேயே கோத்துவிட்டிருந்தான். வெந்நீர் பாய்லர் தனியாகப் பத்தரை ஆம்பியர் குடிக்கும். நாடகம் முடிந்ததும் ஊருக்கே தேநீர் வேண்டுமென்று, யூனா கடைசிக் காட்சியில்தான் அதைப் போடுவாள். இரண்டும் சேர்ந்தால் இருபத்தெட்டு. சுவிட்ச் ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்கும், பிறகு விழுந்துவிடும். சமையலறையை முப்பது வருடமாக ஆள்கிற யூனாவிடம் மெரின் இதைப் பக்குவமாகத்தான் சொன்னாள்.

"இந்த பாய்லர் டீயைக் குடிச்சு வளந்த ஊரும்மா இது. உன் விளக்கெல்லாம் நேத்து வந்தது," என்றாள் யூனா.

"நான் பாய்லரைக் குத்தம் சொல்லல. ரெண்டையும் சேர்த்துத் தாங்காதுன்னுதான் சொல்றேன்."

"அப்ப விளக்கைக் குறை."

நாலு விளக்கு போதுமா என்று இயக்குநர் ரெக்ஸிடம் கேட்டாள். கதாநாயகனும் அவரேதான். தன் முகத்துக்கே இன்னும் இரண்டு கேட்கலாம் என்றிருந்தாராம். எலக்ட்ரீஷியன் அடுத்த மாதம்தான் வருவேன் என்றார். எதிர்ச்சுவர் லைனில் ஹீட்டர்கள். ஜூலை அங்கே நடுக்குளிர்காலம், அவற்றைப் பிடுங்கினால் ஊரே விறைத்துப் போகும். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து. எரிச்சலில் மெரினுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். தண்ணீரை முன்னாலேயே கொதிக்க வைத்து, பாய்லரைக் கம்பளியால் போர்த்தி வைப்பது. யூனா உடனே தலையாட்டினாள். அத்தனை சுலபமாக யூனா தலையாட்டி ஊரில் யாரும் பார்த்ததில்லை. சனிக்கிழமை, கடைசிக் காட்சிக்கு முன்னால் மெரின் சமையலறைக்கு ஓடினாள். முன்னால் கொதித்த தண்ணீர் போர்த்தாமல் ஆறிக்கொண்டிருந்தது, கம்பளி மடித்து ஓரமாக இருந்தது, யூனாவின் விரல் சுவிட்சில் இருந்தது. மெரின் பாய்லர் வயரைப் பிடுங்கிச் சுருட்டி எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

எட்டு விளக்கும் எரிந்தன. துப்பாக்கி வெடித்தது, கதாநாயகி விழுந்தாள், நிதானமாக வசனம் பேசிச் செத்தாள். ஒரு விளக்குகூடக் கண் சிமிட்டவில்லை. திரை விழுந்தபோது மெரினுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்படி ஒரு சந்தோஷம்.

மேசையில் லாமிங்டன் கேக்கும் சாசேஜ் ரோலும் குவிந்திருந்தன. தேநீர் மட்டும் குளித்த தண்ணீர் மாதிரி இருந்தது. கேட்டவர்களிடமெல்லாம் யூனா, "மெரினைக் கேளுங்க," என்றாள். மெரின் கூட்டத்தில் புகுந்து கிளைவைப் பிடித்தாள்.

"விளக்கு ஒண்ணுகூட அணையல, பார்த்தியா?"

"விளக்குக்கு என்ன? நல்லாத்தானே எரிஞ்சுது. இந்த டீயைத்தான் வாயில வைக்க முடியல."

அந்தக் கோப்பையை அவன் தலையில் கவிழ்க்கலாமா என்று இருந்தது அவளுக்கு.

செவ்வாயன்று மண்டபக் கமிட்டி கூடியது. சமையலறைக்குத் தனி லைன் போட்டால் தீர்ந்தது என்று சொல்லத்தான் மெரின் போயிருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் யூனா எழுந்துவிட்டாள்.

"அடுத்த வருஷம் நாடகத்தை மத்தியானம் வச்சுக்கலாம். ஜன்னல் திரையை விலக்கிவிட்டா வெளிச்சம் தானா வரும். பாய்லரும் அது பாட்டுக்குக் கொதிக்கும்."

பகல் வெளிச்சம்தான் தன் முகத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று ரெக்ஸ் முதல் கையைத் தூக்கினார். பிறகு எல்லாக் கையும் உயர்ந்தது. மெரின் எழுந்தாள். தனி லைன், ஆம்பியர் என்று என்னவோ தொடங்கினாள், நாற்காலிகள் நகர்கிற சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

யூனா வந்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். கோபமெல்லாம் போயிருந்தது.

"உனக்கும் அலைச்சல் மிச்சம் பாரு, கண்ணு. அடுத்த தடவை எங்ககூட வந்து சாண்ட்விச் வெட்டு."