மூன்றாம் நம்பர் மெஷின்

என் தம்பியைப் போலவே சிகிச்சைக்கு வந்துபோகும் அந்த மனுஷனுக்கு வார்டில் நாங்கள் வைத்திருந்த பெயர் கடுகு. எந்நேரமும் கடுகடுவென்று இருப்பார், தொட்டால் வெடிப்பார், அதனால் அந்தப் பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டோம். நான் மட்டும் ஒருமுறை கூப்பிட்டுத் தொலைத்தேன். என் தம்பியின் கட்டிலுக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை அவர் பாட்டுக்கு வந்து நிறுத்தினார். "ஒரு வார்த்தை கேட்டுட்டு நிறுத்தினா என்ன, கடுகு?" என்று வாய் தவறி வந்துவிட்டது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குளிர்ல அவனுக்குப் பல்லு தந்தியடிக்குது. நீ பக்கத்துல உக்காந்து ஊர்க்கதை பேசற" என்றார். தம்பி உடனே குறுக்கே புகுந்து, "இல்லீங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்றான்.

என் தம்பியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவன் வாயில் வேறு பதிலே கிடையாது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகும், வேன் ஓட்டும் வேலை போன பிறகும், பேசி முடித்திருந்த பெண் வீட்டார் ஓசைப்படாமல் விலகிக்கொண்ட பிறகும், யார் கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கேன்." அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பா அம்மா போய்ச் சேர்ந்த வீட்டில் அவனுக்கு நான், எனக்கு அவன். என்னிடமாவது ஒரு நாள், "அக்கா, முடியலை" என்று சொல்லித் தொலைக்கக் கூடாதா?

வாரத்துக்கு இரண்டு முறை அவனை டயாலிசிஸ் வார்டுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். உடம்பு தானாக வெளியேற்றாத கழிவையும் தண்ணீரையும் மெஷின்தான் எடுத்தாக வேண்டும். முந்தின முறை பாதியில் மின்சாரம் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்து, எல்லாரையும் அரைகுறையாகக் கழற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து தம்பி சுவரில் தலையணையைச் சாய்த்து, உட்கார்ந்தபடியேதான் கண்ணை மூடினான். கேட்டால், "படுத்தா போரடிக்குதுக்கா" என்றான். தூக்கம் கூடவா ஒருத்தனுக்குப் போரடிக்கும்? நடுநடுவே எழுந்து போய் அவன் மூக்குக்கு நேரே கையை வைத்துப் பார்த்துவிட்டு வருவேன்.

அன்று காலை போய்ச் சேர்ந்தால் வார்டு வாசலே சந்தைக்கடையாக இருந்தது. ஐந்து மெஷினில் இரண்டு படுத்துவிட்டன. மெக்கானிக் மறுநாள்தான் வருவானாம். வார்டின் பெரிய சிஸ்டர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அவர் பேசுவதும் அதட்டுவதும் ஒரே குரலில்தான். மெஷினுக்கு ஒருவராக இன்றைக்கு மூன்று பேர் மட்டும் உள்ளே வரலாம், மற்றவர்கள் நாளைக் காலை வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். வரிசையில் மூன்றாவது ஆள் கடுகு. என் தம்பி நாலாவது.

"சிஸ்டர், போன தடவையே இவனுக்குப் பாதிதான் ஓடுச்சு. இன்னிக்கும் இல்லேன்னா எப்படி?"

"எல்லாருக்கும் பாதிதாம்மா ஓடுச்சு. நான் என்ன மெஷினை எங்க வீட்டுல ஒளிச்சா வச்சிருக்கேன்?" என்றவர் தம்பியின் பக்கம் திரும்பினார். "மூச்சு முட்டுதா? படுக்க முடியுதா? முட்டுதுன்னா சொல்லு, டாக்டரைக் கூப்பிடறேன்."

"இல்ல சிஸ்டர். நல்லாத்தான் இருக்கேன்."

அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். அதற்கும் சிரித்தான். "கேட்டீங்கல்ல?" என்று சிஸ்டர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். அவன் நல்லா இருக்கிறேன் என்கிறான், நான் இல்லை என்கிறேன், யார் பேச்சைக் கேட்பார்கள்? நோயாளி பேச்சைத்தானே.

என் முறையை இன்னாருக்குக் கொடுங்கள் என்று யாரும் கைகாட்டவும் முடியாது. எப்போதோ முறையை விற்றுவிட்டார்கள் என்று பெரிய ரகளையாகி, பெரிய டாக்டர் அதை அடியோடு நிறுத்திவிட்டார். ஒருவர் தனக்கு வேண்டாம் என்று மறுத்து வெளியே போனால் மட்டும், காத்திருப்பவர்களில் முதல் ஆள் உள்ளே போகலாம். யார் மறுப்பார்கள்? சோறு வேண்டாம் என்று முறுக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூச்சு வேண்டாம் என்று யார் போவார்கள்?

கடுகு வழக்கம்போலத் தனியாகத்தான் வந்தார், அக்குளில் ஒரு துணிப்பையோடு. தம்பி மரியாதைக்கு எழப் பார்த்தான். "வாங்க... சாப்... சாப்பிட்டீங்களா?"

"உக்காருடா. வாயை மூடிக்கிட்டு உக்காரு. காலங்கார்த்தால தொணதொணன்னு."

"குசலம் விசாரிச்சாக்கூடக் குத்தமா?" என்றேன் நான்.

"குத்தம்தான்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இவனைப் போன்ற பூஞ்சை மனசுக்காரன் வெளியே உட்கார்ந்திருக்க, இப்படி எரிந்து விழுகிற ஆளுக்கு மெஷினா என்று பொருமிக்கொண்டு கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். மூன்றாம் நம்பர் மெஷினுக்குப் பக்கத்தில் டெக்னீஷியன் டியூப்பை மாட்டிக்கொண்டிருந்தான். கடுகு அவன் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். அடுத்த நிமிஷம் வார்டே அதிர்ந்தது.

"என்ன நாத்தம் இது? டியூப்பைக் கழுவினியா, இல்ல தண்ணியில காட்டிட்டு எடுத்துட்டியா? இதை என் உடம்புல சொருகிடுவியா நீ? வேலை தெரியாதவனையெல்லாம் வேலைக்கு வச்சா இப்படித்தான்."

டெக்னீஷியன் தலையைக் குனிந்துகொண்டான். சிஸ்டர் ஓடினார். "இப்ப என்ன சொல்றீங்க? வேண்டாங்கறீங்களா? மறுத்துட்டா இன்னிக்கு உங்க முறை போயிடும், தெரியுமில்ல?"

"யாருக்கு வேணும் உங்க முறை? நீங்களே படுத்துக்கோங்க."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். எங்கே சிஸ்டர் சமாதானம் பேசித் திரும்ப உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்று எனக்குப் பதறியது. அவர் காதில் விழும்படியே உரக்கச் சொன்னேன். "போறவரை விடுங்க சிஸ்டர். பீடை ஒழிஞ்சுது."

கடுகு ஒரு பதிலும் சொல்லாமல் படியிறங்கிப் போனார்.

"அடுத்தது யாரு? உள்ள வா" என்றார் சிஸ்டர். தம்பியை எடை பார்க்கும் மெஷினில் ஏற்றினார்கள். முள்ளைப் பார்த்த சிஸ்டரின் முகம் மாறியது. அவன் காலை அழுத்திப் பார்த்தார், முதுகில் காதுக்குழலை வைத்துக் கேட்டார். "அடப்பாவி, இதுக்குப் பேருதான் நல்லா இருக்கறதா?" என்று அதட்டிக்கொண்டே ஆக்சிஜன் மாஸ்க்கைத் தன் கையாலேயே மாட்டினார். டாக்டர் ஓடி வந்தார். என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

அந்தக் கதவுக்கு வெளியே நான் எத்தனை நடை நடந்தேனோ. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்ப்பேன், தம்பியின் பாதம் மட்டும் தெரியும். மாடு மாதிரி உழைக்கும் உடம்பு எனக்கு. அதில் ஒரு சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எப்போதோ கேட்டாயிற்று, பொருந்தாது என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் டெக்னீஷியன் வெளியே வந்தான்.

"பயப்படாதீங்கக்கா. மெஷின் ஓடுது. நுரையீரல் வரைக்கும் தண்ணி ஏறியிருக்கு. நாளைக்குன்னு விட்டிருந்தா..."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். "நல்ல வேளை, அந்த ஆள் சண்டை போட்டுட்டுப் போனாரு."

அவன் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அவர் எங்கக்கா சண்டை போட்டாரு? கிட்ட வந்ததுமே சொல்லிட்டாரு. 'இப்ப உன்னைத் திட்டப் போறேன், மனசுல வச்சுக்காத, திருப்பிப் பேசாத'ன்னு."

"எதுக்கு?"

"அதைத்தான் நானும் கேட்டேன். 'வெளிய நாலாவதா ஒருத்தன் உக்காந்திருக்கான் பாரு, ஒரு வார்த்தை பேச ரெண்டு தடவை மூச்சு விடறான்'னாரு. சிஸ்டர்கிட்ட சொல்றேன்னேன். 'அவ கேட்டாச்சு, அவன் பொய் சொல்லியாச்சு. நீ பேச்சை வளர்க்காம நான் திட்டறதை வாங்கிக்கோ'ன்னுட்டாரு."

"அவருக்கும் போன தடவை பாதிதானே?"

"ஆமாங்கக்கா."

எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியாது. மருந்துக் கடை வரிசையில் தேடினேன், டீ விற்கிற இடத்தில் தேடினேன். இல்லை. காலையில் வசை பாடிய வாய் இப்போது 'எங்கேயாவது இருந்துவிடு மனுஷா' என்று முணுமுணுத்துக்கொண்டே ஓடியது. எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு சாம்பல் பூத்திருந்தது. இரண்டு பஸ் வந்து போயிருக்கும் போல. ஏற முடியாமல்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"எந்திரிங்க. மேல போகலாம்."

"மறுத்தவனுக்கு அங்க என்ன வேலை? நான் வீட்டுக்குப் போறேன்."

"வீட்டுல யார் இருக்கா?"

"பூட்டு இருக்கு."

"ஏங்க இப்படிப் பண்ணீங்க?" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"அவன் தொணதொணப்பு தாங்கல. உள்ள தள்ளினா வாயை மூடுவான்னு பார்த்தேன்." நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டார். "கூடவே இருக்கியே, அவன் பேச்சு இழுக்கறது உனக்குத் தெரியலயா?"

சுருக்கென்று தைத்தது. தெரிந்ததா, தெரியாததுபோல் இருந்துவிட்டேனா? யோசிக்க அது நேரமில்லை. அடுத்த பஸ் திருப்பத்தில் வந்துகொண்டிருந்தது, அவர் கம்பியைப் பிடித்து எழ முயன்றார். இவரிடம் கெஞ்சினால் காரியம் ஆகாது என்று எனக்குத் தெரியும். மடியிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி நடந்தேன்.

"ஏய், என் சாவி அதுலதான் இருக்கு. திருட்டுக் கழுதை, நில்லு."

அவரால் வேகமாக வர முடியாது என்பதால் நான் மெதுவாக நடந்தேன். அவர் நின்றால் நானும் நின்றேன். வழியில் போகிறவர்கள் எல்லாம் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். லிஃப்ட் வரை வசவு வாங்கிக்கொண்டே அவரைக் கொண்டுவந்து சேர்த்தேன்.

மேலே காத்திருந்தவர்கள் எல்லாரும் மறுநாள் வருவதாகச் சொல்லிக் கலைந்திருந்தார்கள். பெஞ்சில் அவரை உட்கார வைத்துவிட்டு, கெஞ்சிக் கூத்தாடி உள்ளே நுழைந்தேன். தம்பியின் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. அவன் காதில் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே கண்ணாடிக் கதவைப் பார்த்தான். பிறகு டெக்னீஷியனைக் கூப்பிட்டு, "எவ்வளவு எடுத்தாச்சு?" என்றான்.

"ஆபத்து தாண்டியாச்சுண்ணே. மிச்சத்தை நாளைக்குக் காலைல எடுத்துடலாம்."

தம்பி மாஸ்க்கை விலக்கினான். அவன் குரல் அவ்வளவு உரக்க எழும்பி நான் கேட்டதே இல்லை.

"சிஸ்டர், எனக்கு முடியல. கழட்டுங்க."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே நான் தவம் கிடந்தேன். கடைசியில் அவன் அதைச் சொன்னபோது அது பொய்யாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிஸ்டர் வந்தார். ரத்த அழுத்தம் பார்த்தார், முதுகில் மறுபடி காதுக்குழலை வைத்தார். "என்ன முடியல?"

"எல்லாந்தான் சிஸ்டர். ஒண்ணுமே முடியல."

சிஸ்டர் அவனை விட்டுவிட்டு டெக்னீஷியனைப் பார்த்தார். அவன் டியூப்பை ஆராய்ந்தான். என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த துணிப்பையைப் பார்த்தார், வெளியே பெஞ்சில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மனுஷரைப் பார்த்தார்.

"காலைல அவர் கோபப்படற மாதிரி நடிச்சாரு. நான் நம்பற மாதிரி நடிச்சேன். இப்ப நீயா?" என்றார் அதே அதட்டல் குரலில். "ஜலதோஷத்துல பத்து நாளா அவருக்கு மூக்கே வேலை செய்யல, அவருக்கு டியூப் நாறுதாம். நானும் இந்த வார்டுல எத்தனை கூத்துதான் பார்க்கறது." போனை எடுத்து டாக்டரிடம் இரண்டு வார்த்தை பேசினார். வைத்துவிட்டு டெக்னீஷியனிடம், "கழட்டு. சுத்தம் பண்ணு. வெளிய வெயிட்டிங்ல முதல் ஆள் யாரோ, அவரை வரச் சொல்லு" என்றார்.

அப்போது வெளியே இருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

கடுகு படுத்ததும் முதல் வேலையாகத் தலையணை உயரம் சரியில்லை என்றார். ஊசி குத்தியவனைக் கைநடுக்கக்காரன் என்றார். மெஷின் ஓட ஆரம்பித்த பிறகுதான் அவர் உதட்டின் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. தம்பி வெளியே பெஞ்சில் கால் நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டான். நான் கடுகின் கட்டிலருகே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"இங்க உனக்கு என்ன வேலை? அவனைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ."

"முடியற வரைக்கும் இருப்பேன்."

"என் கூட யாரும் இருந்து எனக்குப் பழக்கமில்ல."

"பழகிக்கோங்க" என்றேன். பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. "காலைல பீடைன்னு சொன்னேனே. காதுல விழுந்துச்சா?"

"விழாம? அந்தக் கத்து கத்தின."

"கேட்டுக்கிட்டே போனீங்களா? திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நாலு திட்டு திட்டியிருக்கலாம்ல?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "திட்ட ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன். அதுக்குள்ள அவனுக்கு நேரமாயிடும்னு போயிட்டேன்."

எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வாயைப் பொத்திக்கொண்டும் விசும்பல் நிற்கவில்லை.

"அழறதுன்னா வெளிய போய் அழு. மெஷின் சத்தமே காதைத் துளைக்குது" என்றார்.

நான் போகவில்லை. ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அங்கேயே அழுதேன்.