மலையுச்சி முத்திரை

ஜெர்மனியின் அந்த மலையூரில் நடைபயணப் பதக்கம் வாங்கும் முறை எளிது. உச்சியில் ஒரு பெட்டிக்குள் முத்திரை சங்கிலியில் தொங்கும். ஏறி வந்தவர் அட்டையில் தானே குத்திக்கொள்ளலாம். கீழே அதைக் காட்டினால் பதக்கம் கிடைக்கும்.

பதக்கத்துக்காகவே பீலெஃபெல்ட் நகரிலிருந்து வந்த மகேந்திரராஜா மூன்று மணிநேரம் ஏறி, பெட்டிக்கு முன்னால் வரிசையில் நின்றார். வரிசையில் அவர் மட்டும்தான்.

"குத்துங்கோவன்," என்றார் மனைவி புஸ்பவதி.

"விசரே உமக்கு? உத்தியோகத்தர் இல்லாமல் குத்தினா செல்லுமே? டெர்மின் எடுத்து, சொன்ன நேரத்துக்குப் போய்க் குடுத்த விண்ணப்பத்தையே கந்தோரில திருப்பி அனுப்பினவங்கள்!"

அப்போது முதுகுப்பையோடு ஒரு ஜெர்மன்காரர் ஏறி வந்தார். மகேந்திரராஜா பணிவாக அட்டையை நீட்டி, குத்தித் தரும்படி கேட்டார். வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்போது என் மதிய இடைவேளை. ஒரு மணிக்கு வாருங்கள்," என்று சொல்லி ரொட்டிப் பொதியைப் பிரித்தார்.

மகேந்திரராஜாவின் முகம் மலர்ந்தது.

"பாத்தீரே? அசல் உத்தியோகத்தர்! இனி இது செல்லும்!"