ஊருக்குப் போகிற பிள்ளையின் அறை

சின்னவன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனதற்குக் காரணம், சொன்னால் சிரிப்பீர்கள், அவன் வீட்டிலேயே இருந்த ஓர் அறைதான்.

அந்த அறை அவன் அண்ணனுடையது. பெரியவன் வீட்டில் இருந்தவரை அவனுக்குத் தண்டச்சோறு என்று பெயர். மேல்படிப்புக்கு விமானம் ஏறினான், ஏறின மறுநாளே குலவிளக்காகிவிட்டான். அறைக்கு ஏசி வந்தது, புது மெத்தை வந்தது. மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் அம்மா அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "வந்தா படுக்கணும்ல?" என்பாள். அவன் இன்னும் வந்தபாடில்லை.

சின்னவன் படுத்தது கூடத்தில், அப்பாவின் கட்டிலுக்குக் கீழே, பாயில். பக்கவாதத்தில் அப்பாவின் வலப்பக்கம் தளர்ந்ததிலிருந்து தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் அவன்தான். காலையில் அவரைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் கல்லூரிக்கு ஓடுவான். அப்பாவோ வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "பெரியவன் அனுப்பின வாக்கர்லதான் நடக்கறேன்" என்பார். அந்த வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிறவன் என்ன, கண்ணுக்குத் தெரியாத பூதமா? தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்று சும்மாவா சொன்னார்கள்!

ஒருமுறை பரீட்சைக்குப் படிக்க அந்த அறையைக் கேட்டான். "அது அவன் ரூம்டா, கலைச்சுப் போட்டுடுவ" என்றாள் அம்மா. அன்றைக்குத்தான் முடிவு செய்தான்.

விசா நேர்முகத்துக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் மாஸ்டர் பையன்களை நிறுத்தி, "ஏன் போறீங்க?" என்று கேட்டார். "உயர்தரக் கல்வி சார்" என்று எல்லோரும் கிளிப்பிள்ளையாக ஒப்பித்தார்கள். அதில் ஒருவன் பெண் வீட்டார் கேட்கிறார்கள் என்று போகிறவன். இன்னொருவன், அவன் அப்பா முன்கூட்டியே தம்பட்டம் அடித்துவிட்டதால் போகிறவன்.

"வீட்டுல எனக்கு ஒரு ரூம் வேணும் சார்" என்றான் சின்னவன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ராஜா, உள்ள போய் இதைச் சொல்லித் தொலைக்காத" என்றார் மாஸ்டர்.

விசா கிடைத்ததும் அண்ணனைப் போனில் கூப்பிட்டான். திரையில் பெரியவன் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் தலை இடிக்காமல் குனிந்து உட்கார்ந்திருந்தான். கீழ்த்தட்டில் யாரோ குறட்டை விட்டார்கள்.

"நீயும் வந்துட்டா அப்பாவை யாருடா பாக்கறது? நீ அங்க இருக்கற தைரியத்துலதான் நான் இங்க இருக்கேன்."

"அப்ப நீ வந்து பாத்துக்கோ."

"வந்தா மறுபடியும் தண்டச்சோறுதான்டா."



பயணத்துக்கு முந்தின மத்தியானம் அம்மா தானாகவே அறையைத் திறந்தாள். பிளாஸ்டிக் உறையைத் தன் கையாலேயே பிரித்தாள். "போய்ப் படு கண்ணு. அண்ணன் ஒண்ணும் சொல்லமாட்டான்" என்று ஏசியைப் போட்டுவிட்டுத் துணி அலசப் போனாள்.

படுத்துக் கண் அயர்வதற்குள் கூடத்திலிருந்து அப்பா, "டேய், தண்ணி!" என்றார். பழக்கதோஷம், பாதி எழுந்துவிட்டான்.

"அவனைக் கூப்பிடாதீங்க" என்று பின்பக்கத்திலிருந்து அம்மா அதட்டினாள். "ஊருக்குப் போற புள்ள, தூங்கட்டும். நான் வரேன்."

"அடடா, மறந்தே போச்சு."

டிவி சத்தம் குறைந்தது. இத்தனை வருஷத்தில் அவன் தூக்கத்துக்காக அந்த டிவி ஒருநாளும் குறைந்ததில்லை.

அம்மா வருவதற்குள் வாக்கர் தரையில் உரசத் தொடங்கியது. அப்பா தானே கிளம்பிவிட்டார். சமையலறைப் படி உயரம், அங்கே யாராவது பிடிக்காவிட்டால் அவருக்குக் கால் தடுக்கும். சின்னவன் மெத்தையில் புரண்டான். அடப் பாவிகளா, 'தூங்கட்டும்' என்று நான் இங்கே இருந்தபோது ஒருநாள் சொல்லியிருந்தால், நான் எதற்குப் போகிறேன்?

உரசல் படியருகே வந்து நின்றது. சின்னவன் எழுந்து கதவு வரை போனான். உள்ளே தாழ் போட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டான்.