பச்சைக் கோட்டின் ஏழு பெயர்கள்

"1994 மார்ச் 9, புதன். நேற்று ஒரு சின்னப் பிழை விட்டேன். பச்சைக் கோட்டின் உள்ளே தைத்திருந்த ஏழு பெயர்ப்பட்டிகளையும் பிரித்துவிட்டேன்."

மாலை வகுப்புக் கொப்பியின் பின்பக்கத்தில் இதை எழுதிய நிலக்ஷி, 'சின்ன' என்ற சொல்லை வெட்டினாள். வெட்டியது சரிதானா என்று பிறகு யோசித்தாள்.

வேலை செய்யும் வீடுகளின் எசமானிகளான சிஞ்ஞோராமார் கொடுக்கும் பழைய உடுப்புகளை ஊருக்குப் பார்சல் கட்டுமுன், உள்ளே தைத்திருக்கும் பெயரைப் பிரித்தெடுப்பது இத்தாலியின் பலெர்மோ நகரத் தமிழ்ப் பெண்களின் வழக்கம். பிறத்தியார் பெயரோடு எப்படி உடுப்பது? அவள் உதவியாளராக வேலை செய்யும் நாடக அரங்கின் உடை அறையில், தூசி தட்டச் சொன்ன கோட்டிலும் அவள் கை அந்தப் பழக்கத்திலேயே ஓடிவிட்டது. போதாக்குறைக்கு, பட்டிகளை எழுத்து வரிசையில் அடுக்கி ஓர் உறையிலும் போட்டாள்.

அது ஒரு பழைய நகைச்சுவை பாலேயின் நாயகன் போடும் கோட். முந்திய காலத்தில் அந்த வாலிபனாகப் பெண்களே ஆடினார்கள். ஒவ்வொரு மேடையேற்றத்திலும் ஆடியவரின் பெயரை முந்திய பெயருக்குக் கீழே தைப்பார்கள். நிகழ்ச்சித் தாள்கள் எல்லாம் நிலவறை வெள்ளத்தில் அழுகிப்போனதால், யாருக்குப் பின் யார் என்பதற்கு அந்தக் கோட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. இதையெல்லாம் அவள் புதன்கிழமைதான் அறிந்தாள். உடை அறைப் பொறுப்பாளர் சிஞ்ஞோரா அகாத்தா, வெறுமையான உட்துணியைப் பார்த்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, கோட்டை வெளுத்துத் தந்த சலவைக் கடைக்காரன்தான் பிரித்தான் என்று நினைத்து, அவனுக்குத் தொலைபேசி எடுத்து வாயில் வந்தபடி ஏசினார்.

நகரின் சீசா பகுதியில் நிலக்ஷியோடு ஒரே அறையில் இருக்கும் செல்வமலர் இதைக் கேட்டுச் சிரித்தாள்.

"நீ வாயைத் திறவாதை. மனுசி முதல்லை வேலைக் கடிதத்திலை கையெழுத்து வைக்கட்டும். கடிதம் இல்லாமல் இந்த நாட்டிலை இருக்கிற பெர்மேசோவைப் புதுப்பிப்பாங்களே? சலவைக்காரனுக்கு ஏச்சு வாங்கிறது புதினமோ?"

"அந்தாள் செய்யேல்லையே, அக்கா."

"அப்ப நீ போய்ச் சொல்லிப்போட்டு, கொழும்புக்குப் பிளேன் ஏறு."

வியாழன் காலை நிலக்ஷி உறையை மேசையில் வைத்து, செய்ததைச் சொன்னாள். சிஞ்ஞோரா பட்டிகளைப் பரப்பினார். நான்கு பெண்கள், மூன்று ஆண்கள். பெண்களில் ஒருத்தியின் பெயரில் விரலை வைத்தார்.

"இது நான். எனக்குப் பிறகு ஆண்கள் வந்தார்கள், அவர்களின் வரிசை தெரியும். எனக்கு முன்னால் ஆடிய இந்த மூவரில் யார் முதல்?"

நிலக்ஷிக்கு நினைவில்லை. ஊகித்துச் சொல்ல மனமும் வரவில்லை. தெரியாது என்றாள்.

சிஞ்ஞோரா பட்டிகளைத் திரும்ப உறையில் போட்டார். பிறகு அவளுடைய வேலைக் கடிதத்தை எடுத்தார். 'உடை அறை உதவியாளர்' என்ற வரியை அடித்து, 'படிக்கட்டுத் துப்புரவு' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவளுடைய கொத்திலிருந்து உடை அறைச் சாவியைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கடிதம் கிடைத்தது எல்லோ, பிறகேன் இந்த முகம் என்று செல்வமலர் கேட்டாள். நிலக்ஷி கொப்பியை விரித்தாள்.

"நாளை: ஐந்தரைக்குப் படிக்கட்டு, மேலிருந்து கீழாக. பிறகு கழிப்பறைகள். ஒன்பதுக்குக் கடிதத்துடன் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர், பெர்மேசோ புதுப்பிக்க."