முதல் வரிசையில் இருவர்

சுகிர்தாவும் பரத்தும் ஒரே ரயிலில்தான் சென்னைக்குப் போவார்கள். ஆனால் ஒரே பெட்டியில் போனதில்லை. கும்மிடிப்பூண்டியில் அவள் பெண்கள் பெட்டியில் ஏறுவாள், அவன் கடைசிப் பெட்டியில் ஏறுவான். சென்ட்ரலில் இறங்கி, சாலையைக் கடந்து, மெட்ரோ படிக்கட்டில் பாதி தூரம் இறங்கிய பிறகுதான் அவன் அவள் பக்கத்தில் வந்து நடப்பான்.

இருவருக்கும் சிப்காட் தொழிற்பேட்டையில் காருக்கு பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. அவள் லைனில் வரும் பாகங்களைக் கீறல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிறவள். அவன் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். அவள் வீடு காலனியில். அப்பா சின்னராசு ஒரு இரும்புக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறார். பரத்தின் வீடு மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஊரில். ஏழு ஏக்கர் நெல், கோயில் திருவிழாவில் முதல் மரியாதை. இதற்கு மேல் அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படித்தான். சர்ச் முடிந்ததும் இங்கிலீஷ் கிளாஸ் என்று சொல்லிவிட்டு அவள் கிளம்புவாள். பீச்சுக்குப் போனால் தெரிந்தவர் யாராவது கண்ணில் படுவார்கள். மாலுக்குப் போனாலும் அப்படித்தான். ஒருமுறை வண்டலூர் ஜூவில் யானைகளுக்கு முன்னால் பரத்தின் சித்தப்பா குடும்பமே நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் பரத் போனில் தேடித் தேடி விநோதமான இடங்களாகக் கண்டுபிடித்தான். தங்கள் பக்கத்து ஆட்கள் கனவில்கூட வராத இடங்கள்.

அப்படி அவர்கள் பார்த்தது கொஞ்சமில்லை. ஒரு பப்பில் உட்கார சலூன் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உயரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே எலுமிச்சை சோடா குடிக்கலாம். இன்னொன்றில் கூரையிலிருந்து பழைய டைப்ரைட்டர்கள் தொங்கின. நுங்கம்பாக்கத்தில் ஒரு கார் ஷெட்டைத் தியேட்டராக மாற்றியிருந்தார்கள். அங்கே ஒருவர் ஒன்றரை மணி நேரமும் ஒரு பிளாஸ்டிக் டிரம்முக்குள் உட்கார்ந்தபடியே நாடகம் போட்டார். ஒன்றும் புரியவில்லை. வெளியே வந்து சுகிர்தா வயிறு வலிக்கச் சிரித்தாள். சலூன் நாற்காலி பப்பில் மதியம் மூன்று மணிக்கு ஒரு பெண் வயலினை வைத்துக்கொண்டு தானே எழுதிய பாட்டுகளைப் பாடினாள். அதைக் கேட்ட அன்று சுகிர்தாவுக்கு எழுந்து வரவே மனமில்லை.

"அடுத்த வாரமும் இங்கயே வரலாமா?" என்று கேட்டாள்.

"ஒரே எடத்துக்கு ரெண்டாவது வாட்டி போவக்கூடாது சுகி. மூஞ்சி ஞாபகம் வெச்சிக்குவாங்க."

"வெச்சிக்கட்டுமே. நமக்குன்னு ஒரு எடம் வேணாமா?"

அவன் மணியைப் பார்த்தான். ஆறு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். ஆரம்பத்தில் விளையாட்டாக இருந்த இது அவளுக்கு மெல்ல மூச்சு முட்ட ஆரம்பித்தது. எவ்வளவு பெரிய ஊர் சென்னை! அதில் அவர்களுக்குத் திறந்திருந்தது இருட்டான சில அறைகள் மட்டும்தான். அதுவும் ஒவ்வொன்றும் ஒருமுறைதான்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆழ்வார்பேட்டையில் தையல் கடைக்கு மேலே நாற்பது நாற்காலிகள் போட்ட ஒரு சின்ன அரங்கு. தமிழில் ஸ்டாண்டப் காமெடி. மழையால் இவர்கள் போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. முதல் வரிசையில் நடுவில் இரண்டு நாற்காலிகள்தான் காலியாக இருந்தன. உள்ளே வரும் கதவு மேடைக்குப் பக்கத்திலேயே இருந்தது. உட்கார்ந்த பிறகுதான் பரத் அதைக் கவனித்தான். எழுந்து போவதென்றால் காமெடியனைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"வாங்க, வாங்க! லேட்டா வரவங்களுக்குத்தான் இங்க ராஜ மரியாதை," என்றான் மைக் பிடித்திருந்தவன். "எங்கேர்ந்து வரீங்க?"

"சென்னைதான்," என்றான் பரத்.

"சென்னைல எங்க சார்?"

அரங்கம் காத்திருந்தது.

"கும்மிடிப்பூண்டி," என்றாள் சுகிர்தா.

"அடேங்கப்பா! அதச் சென்னைன்னு சொல்ற மொத ஆளு சார் நீங்க." எல்லோரும் சிரித்தார்கள். "சரி, ரெண்டு பேரும் லவ்வர்ஸா?"

"ஃபிரெண்ட்ஸ்," என்றான் பரத். அதே நொடியில் "ஆமா" என்றாள் சுகிர்தா.

சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. காமெடியன் தரையில் உட்கார்ந்தேவிட்டான். "சார், ஒரே சோபால உக்காந்து ரெண்டு பேரும் வேற வேற படம் பாக்கறீங்க போல! எத்தன வருஷம் மேடம்?"

"ரெண்டு."

"வீட்ல சொல்லியாச்சா?"

பரத்தின் கை அவள் கையை இறுக்கியது. நிறுத்து என்று அர்த்தம். ஆனால் நாற்பது பேர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடத்தில் ஒருவர்கூட அவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"நான் எப்ப வேணா சொல்லிடுவேன். அவரு மொதல்ல சொல்லட்டும்னுதான் காத்துக்கினு இருக்கேன்," என்றாள்.

கைதட்டல் எழுந்தது. பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள். அவளுக்குக் காது சூடாகிவிட்டது. சந்தோஷமாகவும் இருந்தது. பரத் மட்டும் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வரும்போது மேடை ஓரத்தில் பார்வையாளர்கள் பக்கம் திருப்பி வைத்திருந்த சின்னக் கேமராவை அவன்தான் முதலில் பார்த்தான்.

வியாழக்கிழமை கேன்டீனில், லைனில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கும் தமிழ்செல்வி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு போனை நீட்டினாள். "ஏய், இது நீதானே?"

காமெடியன் தன் பக்கத்தில் போட்டிருந்த இரண்டு நிமிட வீடியோ. அவள் முகம் அத்தனை தெளிவாக இருந்தது. மூன்று லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். பரத் காமெடியனுக்கு மெசேஜ் அனுப்பிக் கெஞ்ச, மறுநாள் காலை அவன் மன்னிப்புக் கேட்டு அதை நீக்கிவிட்டான். அதற்குள் அது வாட்ஸப் குழுக்களில் போய்விட்டது. பரத்தின் ஊர்க் குழுவில் யாரோ அவள் படத்துக்குக் கீழே காலனியின் பெயரையும் அப்பா பெயரையும் போட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பரத் வேலைக்கு வரவில்லை. போனும் அணைத்திருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்கே சுகிர்தாவின் அம்மா சாராள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"நான் பரத்தோட அம்மா பேசறேன். ஜானகியம்மாள்." குரலில் கோபமே இல்லை. "நீ நல்ல பொண்ணுன்னு கேள்விப்பட்டேம்மா. இங்க பசங்கல்லாம் ஒரு மாதிரி பேசிக்கினு கீறாங்க. பெரியவங்க நாங்க சொன்னா கேக்க மாட்டேன்றாங்க. அந்தப் புரோகிராம்ல நடிக்கச் சொன்னாங்க, சும்மா நடிச்சோம்னு நீயே ஒரு வீடியோ எடுத்து அனுப்பிட்டீன்னா எல்லாம் அடங்கிடும். உங்க அப்பாவுக்கும் அதாம்மா நல்லது."

கடைசி வார்த்தையைக் கேட்டதும் சுகிர்தாவின் கண் கதவுத் தாழ்ப்பாளுக்குப் போனது.

"உங்க பையன் இன்னா சொல்றாரு?"

"இங்கதான் உக்காந்துக்கினு கீறான்."

"அவரையே சொல்லச் சொல்லுங்கம்மா."

போன் ஸ்பீக்கரில் இருந்திருக்க வேண்டும். பரத்தின் குரல் தூரத்திலிருந்து வந்தது. "சுகி... சொல்லிடேன். ஒரு வீடியோதானே. அப்பறம் பாத்துக்கலாம்."

"அப்பறம்னா எப்ப பரத்?"

அவள் பதினைந்து எண்ணும்வரை காத்திருந்தாள்.

"நான் நடிக்கலைம்மா," என்றாள் ஜானகியம்மாளிடம். "என்னால அப்டிச் சொல்ல முடியாது." போனை வைத்தாள். தான் செய்தது துணிச்சலா முட்டாள்தனமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று மதியமே பரத்தின் வீடியோ வந்தது. சட்டையை இன் பண்ணி, நெற்றியில் விபூதி வைத்திருந்தான். பின்னால் அவர்கள் வீட்டு நீலச் சுவர். "அவங்க எங்கூட வேல செய்யறவங்க, அவ்ளோதான். அந்தப் புரோகிராம்ல லவ்வர்ஸ் மாதிரி பேசச் சொன்னாங்க. மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சிக்குங்க." இருபது விநாடிதான். அவன் பேசும்போது கண் ஒருமுறை ஓரமாகப் போய் வந்தது. அங்கே யாரோ நின்றிருக்கிறார்கள். அவளால் அவனை வெறுக்கவும் முடியவில்லை. அவனும் ஓர் அறைக்குள்தான் இருந்தான். ஆனால் வெளியே வர வழி தேடாமல் உள்ளேயே உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலம் சின்னராசு வேலையிலிருந்து வந்து, கை கால் கழுவி, அவள் எதிரில் உட்கார்ந்தார். இரண்டு வீடியோவையும் அவர் பார்த்திருந்தார்.

"அந்தப் பையன் சொல்றது நெசமா?"

"இல்ல நைனா. நான் சொன்னதுதான் நெசம்."

"இங்கிலீசு கிளாசு?"

"அது பொய்."

அவர் எழுந்து நின்றார். அடிக்கப் போகிறார் என்று சாராள் நடுவில் வந்து நின்றாள். அவர் அடிக்கவில்லை.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா, வாணாம்னுதான் சொல்லியிருப்பேன்," என்றார் கடைசியில். "உம்மேல தப்புன்னு சொல்லல. ஆனா கம்பெனி பஸ்ஸு அவங்க ஊருக்குள்ள பூந்துதானே போவுது. இனிமே நீ அதுல ஏறாத."

"வேலைய உட்றதா?"

"வேலைய உட்டுட்டு, ஊட்ல உக்காந்துக்கினு இன்னா பண்ணுவ? நானே வண்டில கொண்டாந்து உடறேன்."

திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். நேர் வழியில் பதினைந்து நிமிடம். சின்னராசு ஊர்ப் பக்கம் திரும்பாமல் ஏரிக்கரை வழியாக, செங்கல் சூளைகளைத் தாண்டி, ஹைவேயில் ஏறிச் சுற்றிப் போனார். முக்கால் மணி நேரமாயிற்று. லாரிப் புழுதியில் இருவருக்கும் கண் எரிந்தது. கம்பெனி கேட்டில் இறங்கியபோது அவள் கேட்டாள்.

"எத்தினி நாளைக்கு நைனா இப்டி?"

"தெரில," என்றார் அவர். அவருக்கு எட்டு மணிக்கு ஷிஃப்ட். வண்டியைத் திருப்பிக்கொண்டே, "அஞ்சரைக்கு வந்துடறேன். நான் வர்ற வரைக்கும் கேட்டுக்கு உள்ளயே நில்லு," என்றார்.

அவள் அடையாள அட்டையை மெஷினில் தேய்த்தாள். கேட் திறந்து, அவள் உள்ளே போனதும் மூடிக்கொண்டது. லைனில் தமிழ்செல்வி அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அவன் சொல்ற மாதிரி நடிப்புதானா அது?"

"இல்ல," என்றாள் சுகிர்தா. கையுறையை மாட்டிக்கொண்டு, முதல் பாகத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.