சிக்கந்தர் வீட்டுக்கு வந்த கதவுகள்

கடலூர் முதுநகரில் ஐஸ் வண்டி ஓட்டும் சிக்கந்தர் வீட்டின் பின்சுவரின் உள்பக்கத்தில், ஜூன் மாதத்து திங்கட்கிழமை ஒன்றில், யாரும் கொண்டுவராமல் ஒரு தேக்குக் கதவு வந்து நின்றது. நிலையோடு, தாழ்ப்பாளோடு, நடுவில் செதுக்கிய லட்சுமியோடு வந்திருந்தது. வாடிய மாவிலைகூட அப்படியே தொங்கியது. சிக்கந்தரின் மனைவி ஷம்ஷாத் திறந்து பார்த்தார், உள்ளே செங்கல்தான் இருந்தது. அன்றைக்குத் துறைமுகத்தில் மத்தி கொள்ளை மலிவு, ஐஸுக்குத் தட்டுப்பாடு. இந்த மூன்று சங்கதிகளையும் தெருவில் ஒரே மூச்சில் பேசி முடித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். ஷம்ஷாத் மட்டும் ஈரத்துணியால் லட்சுமியின் முகத்தைத் துடைத்து, "பாவம், யார் வூட்டு சாமியோ" என்றார்.

யார் வீட்டுச் சாமி என்று அவருடைய மூத்த மகள் ஜுவைரியாவுக்குத் தெரியும். அதே திங்கட்கிழமை அவள் சிதம்பரம் பக்கத்து அண்ணாமலை நகரில் ரூம் தேடிப் போயிருந்தாள். பதினேழு முடிந்த பெண். லேப் டெக்னீஷியன் ஆவது என்று எட்டாம் வகுப்பிலேயே முடிவு கட்டி, சிதம்பரத்தில் இரண்டு வருஷப் படிப்பில் இடமும் வாங்கிவிட்டாள். விடிந்தும் விடியாமலும் வார்டில் ரத்தம் எடுக்க நிற்கவேண்டும், விடுதியோ கிடையாது. பொட்டைப் பிள்ளையை இருட்டில் பஸ் ஏற்ற சிக்கந்தருக்கு மனம் வரவில்லை. "ரூம் கெடச்சா படிம்மா. கெடைக்கலன்னா வாணாம், அத்தாவுக்குத் தூக்கமே வராது" என்றார். கெட்ட மனுஷர் இல்லை, பயந்த மனுஷர். ஆக, ரூம் இருந்தால் படிப்பு உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அந்தத் தேக்குக் கதவு வீட்டம்மா முகம் கோணாமல்தான் பேசினார். குழாயைக் காட்டினார், துணி காயப்போடும் கொடியைக் காட்டினார், கடைசியில் பெயரைக் கேட்டார். ரூம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் இவளும் வாய் நிறையச் சொன்னாள்: "ஜுவைரியா, ஆன்ட்டி. சிக்கந்தர் பாய் மக." வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி அந்தம்மா உள்ளே போனார். கதவு சாத்திய இடத்தில் சுவர் இருந்தது. சுவரில் காலிங் பெல் மட்டும் மிச்சம். பால்காரர் அந்தச் சுவருக்குள் புகுந்து பாத்திரத்தோடு வெளியே வந்தார். மறைந்தது இவளுக்கு மட்டும்தான்.

பிறகு ஏறிய படிகளிலெல்லாம் இதே கதைதான். "ஜுவா" என்று பாதியாகச் சொல்லிப் பார்த்தாள். முழுப்பேர் என்ன என்று கேட்டார்கள். ஒரு வீட்டில் சொந்தக்காரர்கள் வருகிறார்களாம், ஒரு வீட்டில் அசைவம் ஆகாதாம், இன்னொரு வீட்டில் ஓனர் சிங்கப்பூரில் இருக்கிறாராம். சொன்ன காரணம் எதுவானாலும் கதவு ஒரே மாதிரிதான் மறைந்தது. பள்ளிவாசல் தெருவில் கதவுகள் அப்படியே நின்றன. ஆனால் தனிப்பெண்ணுக்கு வீடு தருகிற வழக்கம் அங்கே இல்லை. அன்றாடம் சாயங்காலம் முதுநகர் வீட்டின் பின்சுவரில் புதுக்கதவுகள் வந்து சேர்ந்தன. நீலப் பெயிண்ட் கதவு, கண்ணாடி பதித்த கதவு, நாய் ஜாக்கிரதை என்று போர்டு தொங்கும் கிரில் கதவு. எதைத் திறந்தாலும் செங்கல். மகள் பஸ்ஸை விட்டு இறங்குமுன்னே ஷம்ஷாத்துக்குச் சேதி தெரிந்துவிடும். ரூம் கிடைத்ததா என்று கேட்பதையே அவர் விட்டுவிட்டார். தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுவார்.

தேவனாம்பட்டினத்துப் பவானி இவளோடு பன்னிரண்டு வரை படித்தவள். மேலே படிக்காமல் துணிக்கடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சங்கதியைக் கேட்டுவிட்டு அவள் ரொம்ப யோசிக்கவில்லை. "எம்பேர எடுத்துக்கடி. எங்கிட்ட சும்மாதான கெடக்குது" என்றாள். மறுநாள் அந்தப் பெயரைச் சொன்னதும் அமிர்தம் அம்மாள் வீட்டுக் கதவு அசையாமல் நின்றது. மாடி ரூம் கிடைத்தது. ஆதார் நகலை அப்புறம் கொடு என்றவர் அப்புறம் கேட்கவேயில்லை.

அமிர்தம் தங்கமான மனுஷி, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பெற்ற பிள்ளைகள் தூரத்தில் இருக்க, மாடிப் பெண்ணைப் பிள்ளையாகவே வைத்துக்கொண்டார். காய்ச்சல் என்றால் கஞ்சி வரும், வெள்ளிக்கிழமை என்றால் ஒரு முழம் பூ வரும். ஜுவைரியா ஜன்னலைச் சாத்திவிட்டு, போர்வையை விரித்துத் தொழுவாள். ரமலானில் பகலெல்லாம் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கிடந்தவளைப் பார்த்து, "என்னா கண்ணு, அம்மனுக்கு வேண்டுதலா?" என்றார் அமிர்தம். இவள் தலையாட்டினாள். அதிலிருந்து பொழுது சாய்ந்தால் ரஸ்தாளிப் பழம் மாடிக்கு வந்தது. அந்தப் பழத்தில்தான் அவள் தினமும் நோன்பு திறந்தாள். "நல்ல குடும்பத்துப் புள்ள. வேற ஆளுங்களுக்கு நான் வூடு குடுக்கறதில்ல" என்று அமிர்தம் அக்கம்பக்கத்தில் பெருமை பேசும்போது அவள் கடித்த பழத்தைத் தட்டிலேயே வைத்துவிடுவாள்.

முதுநகரில் அவளுடைய சொந்த வீட்டுவாசல் சுருங்க ஆரம்பித்ததும் அப்போதுதான். மற்றவர்களுக்கு அது பழைய வாசல். ஜுவைரியாவுக்கு மட்டும் வாராவாரம் குறுகியது. சனிக்கிழமை வந்தால் ஒருக்களித்து நுழைந்தாள், பிறகு மூச்சைப் பிடித்து நுழைந்தாள். பெருநாளன்று கைதான் போயிற்று. தங்கச்சி மர்ஜானா உள்ளேயிருந்து இழுத்ததில் அக்காவின் தோள் சுவரில் இடித்துக் கன்றிப்போனது. ஷம்ஷாத் பாயைக் கொண்டுவந்து தெருவிலேயே விரித்தார். நான்கு பேரும் அங்கேயே உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார்கள். சிக்கந்தர் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "போதும்மா. அங்க போயி உன் பேரச் சொல்லிட்டு வந்துடு. படிப்பும் வாணாம் ஒன்னும் வாணாம்" என்றார். அதுவரை புருஷன் பேச்சை மறித்துப் பேசியறியாத ஷம்ஷாத் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "முடிச்சிட்டு வரட்டும். நாங்க எங்க போயிடப் போறோம்." அடுத்த வாரம் விரல் நுழையவும் இடமில்லை. மிச்ச நாளெல்லாம் சனி ஞாயிறில் அம்மாவும் மகளும் தெருப்பாயில்தான் உறவாடினார்கள். மழை வந்தால் எதிர்த்த கடை ஓரத்தில் ஒதுங்கிக்கொண்டார்கள். தெருவுக்கும் அது பழகிவிட்டது.

படிப்பு முடிந்து, முதுநகரிலேயே ஒரு லேபில் வேலைக்கும் சொல்லிவைத்துவிட்டு, பெட்டியோடு வந்து வாசலில் நின்றாள். பெயரைச் சொன்னாள். சுவர் சுவராகவே நின்றது. திரும்பத் திரும்பச் சொன்னாள். இரண்டு வருஷமாகப் பவானி என்று கூப்பிட்டால் திரும்பிய உடம்பு, அவளுக்கே தன் குரல் சந்தேகமாக இருந்தது. பின்சந்துக்குப் போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். உள்ளே மர்ஜானாவுக்கு, தேக்குக் கதவை யாரோ தட்டுவதுபோல் கேட்டது. ஷம்ஷாத் ஓடிவந்து தாழ்ப்பாளில் கையை வைத்து, "யாரு?" என்றார். வெளியிலிருந்து வந்த குரலில் பழைய சந்தோஷம் இல்லை, ஆனால் சொல்லில் ஒன்றும் குறையவில்லை. "ஜுவைரியா. சிக்கந்தர் பாய் மக." செங்கல் இருந்த இடத்தில் மகள் நின்றாள்.

அதிலிருந்து அந்த வீட்டுக்கு லட்சுமிக் கதவுதான் வாசல். தபால்காரர்கூடப் பின்சந்துக்குத்தான் வருகிறார். பாய் வீட்டு வாசலில் சாமி உருவமா என்று ஓரிருவர் முணுமுணுத்தார்கள், ஷம்ஷாத் ஒரு திரையைத் தைத்து மாட்டிவிட்டார்.

முதல் சம்பளத்தில் பால்கோவா வாங்கிக்கொண்டு ஜுவைரியா சிதம்பரம் போனாள். அவளுக்கு அமிர்தத்திடம் பொய்யோடு முடித்துக்கொள்ள மனமில்லை. அவர் வாசலில் நின்று கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். "ஆன்ட்டி, நான் பவானி இல்ல" என்று ஆரம்பித்து, அத்தா பெயர்வரை சொன்னாள். அமிர்தத்தின் கை அவள் கன்னத்தை விட்டு எடுபடவில்லை, சிரிப்பும் அப்படியே இருந்தது. கதவு மட்டும் மெல்ல மறைந்தது, பிறகு கையும் மறைந்தது. சுவருக்கு உள்ளேயிருந்து அந்தம்மா அழுகிற சத்தம் கேட்டது. இவள் பால்கோவாவைப் படியில் வைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

அவள் வருவதற்குள் மஞ்சள் பூசிய அந்தக் கதவும் பின்சுவரில் வந்து நின்றுவிட்டது. அதோடு பின்சுவர் நிறைந்துபோனது. அடுத்த ஜூனில் மர்ஜானாவுக்கும் சிதம்பரத்தில்தான் படிப்பு. தன் பெயரைத்தான் சொல்வேன், முழுசாகத்தான் சொல்வேன் என்று அவள் இப்போதே சொல்லிவிட்டாள். ஷம்ஷாத் பெரியவளைத் துணைக்குக் கூப்பிட்டு, கிழக்குச் சுவரை ஒட்டியிருந்த பீரோவை நகர்த்தி, காலண்டரையும் ஆணியையும் கழற்றி, சுவரைக் காலியாக்கி வைத்தார்.