எம்.எம்.ஒய்.ஆர்.

பெட்டி என் வீட்டுக்குத்தான் வந்தது. மேலே எழுதியிருந்த பெயர்தான் என்னுடையது இல்லை.

கீழ்வீடு பூட்டியிருந்ததால் கூரியர்காரர் மாடியேறி வந்து என்னிடம் நீட்டினார். பழுப்பு அட்டைப் பெட்டி, ஓரத்தில் அந்த சிப் கம்பெனியின் நீல முத்திரை. ஆறு வருடமாக அந்த முத்திரையைப் பூதக்கண்ணாடி வழியாகச் சிப்பின் முதுகில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கடிதத்தின் தலைப்பில் பார்க்க ஆசைப்பட்டு அவர்களுக்குப் பதினொரு முறை எழுதினேன். பதில் இல்லை. இப்போது வந்திருக்கிறது, என் சகலைக்கு.

"என்னங்க, பெட்டியை ஏன் அப்படி முறைக்கிறீங்க? கடிச்சிடுமா?" என்றாள் என் மனைவி.

எனக்கும் சகலைக்கும் ஒரே வேலை. வீட்டில் இருக்கும் வைஃபை பெட்டியை, விற்ற கம்பெனி இரண்டு வருடத்தில் கைகழுவிவிடும். பெட்டி கல்லு மாதிரி இருக்கும். உள்ளே அதை எழுப்பி நடத்துகிற ஃபர்ம்வேர்தான் கிழடு தட்டிப் போயிருக்கும். நாங்கள் புதிதாக எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும் என்று திறந்து வைக்கிறோம். நாற்பதாயிரம் பெட்டிகளில் ஓடுகிறது. எழுதுவதற்குச் சிப்பின் உள்விவரம் வேண்டும்; கம்பெனி தராது. அதனால் நானே சிப்பின் கம்பிக் கால்களை ஒவ்வொன்றாக ஊசி வைத்துத் தொட்டு, மின்சாரம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக் கண்டுபிடித்துக் குறிப்பு எழுதினேன்.

சகலை மூன்று வருடம் கழித்து வந்து சேர்ந்தான். ஊசி பிடித்தால் அவனுக்குக் கை நடுங்கும். வாய் நடுங்காது. ஏதோ ஒரு மாநாட்டில் காபி வரிசையில் கம்பெனி ஆளுக்குப் பின்னால் நின்றிருக்கிறான். காபி ஆறுவதற்குள் ஒத்துழைப்பு ஒப்பந்தம் பேசி முடித்துவிட்டான்.

சாயங்காலம் பெட்டியைக் கீழே நானே தூக்கிக்கொண்டு போனேன். குடும்பம் சுற்றி நிற்க, சகலை பிரித்தான். மாதிரி போர்டு இரண்டு. சுருள் கம்பி போட்ட கையேடு, முந்நூறு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே மங்கலாக 'ரகசியம்' என்ற சொல்லும் அவன் பெயரும். ஒவ்வொரு பக்கத்திலும். நான் புரட்டிப் பார்த்துவிடவில்லை. அவன் புரட்டும்போது எண்ணினேன்.

எங்கள் இருவருக்கும் பொதுவான மாமியார் கீழ்வீட்டில்தான் இருக்கிறார். சோபாவில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்:

"சின்ன மாப்பிள்ளைக்குக் கம்பெனிக்காரனே தேடி வந்து குடுக்குறான். பெரியவரும் பாவம், எத்தனை வருஷமா நோண்டுறாரு."

அந்த 'பாவம்' இரண்டு நாள் என் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. சகலை கெட்டவனாக இருந்தாலாவது நிம்மதியாகத் திட்டலாம். அவன் நல்லவன். "எல்லாம் நீங்க போட்ட பாதைதாண்ணா" என்று வேறு சொன்னான். எரிகிற வயிற்றில் நெய்.

புதன்கிழமை, பற்றவைக்கிற ஈயக் கம்பி வாங்கும் சாக்கில் அவன் அறைக்குப் போனேன். என்னைக் கண்டதும் கையேட்டின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினான். தப்பாக நினைக்க வேண்டாம், யாருக்கும் காட்டுவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்றான். நான் சிரித்தேன். குளிக்கிற பெண்பிள்ளையைப் பார்த்துவிட்டவனைப் போல எனக்கு ஏன் முகம் சிவக்க வேண்டும்?

பிறகு அவனால் சும்மா இருக்க முடியவில்லை.

"அண்ணா, மெமரியை எழுப்பிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கணும்? உங்க குறிப்புல இருநூறு மில்லிசெகண்ட்னு இருக்கு. கம்பெனி இருபதுன்னு போட்டிருக்கான். சொல்லக் கூடாதுதான், ஆனா எப்படியும் வெள்ளிக்கிழமை மதியம் நம்ம வெளியீட்டுல வரப்போகுது."

இருநூறு என்றால் ஒரு கண்சிமிட்டல். இருபது அதில் பத்தில் ஒரு பங்கு. நான் அளந்து பார்த்துத்தான் எழுதினேன் என்றேன்.

"அளந்தீங்க சரி. அவன் செஞ்சவன்ல?" என்றான் சகலை. "அந்த ரெஜிஸ்டருக்குப் பேர்கூட வெச்சிருக்கான். எம்.எம்.ஒய்.ஆர். மெயின் மெமரி யீல்டு ரெஜிஸ்டராம்."

சிப்புக்குள் எண் எழுதி வைக்கும் சின்னச் சின்ன அறைகள் உண்டு. அதைத்தான் ரெஜிஸ்டர் என்போம். கையிலிருந்த ஈயக் கம்பி தரையில் உருண்டது. குனிந்து எடுத்தேன். எடுக்க வேண்டியதைவிட அதிக நேரம் குனிந்திருந்தேன்.

மாடிக்கு வந்ததும் பழைய கணினியைத் தூசி தட்டி எழுப்பினேன். ஆறு வருடத்துக்கு முந்தைய என் முதல் குறிப்பு அதில் இருந்தது. பதினேழாம் பக்கத்தில் MMYR. நான் வைத்த பெயர். கூப்பிட்டால் பதில் சொல்லாமல், கூப்பிடாதபோது கதவை அறைகிற அந்த ரெஜிஸ்டருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? நம் மொழி தெரிந்தவர்கள் சிரிக்கட்டும் என்று அடிக்குறிப்பில் விரிவும் எழுதியிருந்தேன்: மாமியார்.

என் மனைவி அதைப் படித்துவிட்டு, "எங்கம்மா உங்களுக்கு ரெஜிஸ்டரா?" என்று பத்து நாள் பேசவில்லை. பதினோராவது நாள் குறிப்பை இணையத்திலிருந்து எடுத்தேன். பெயரை மாற்றி இரண்டாம் பதிப்புப் போட்டேன்.

மாற்றியது பெயரை மட்டும் இல்லை. முதல் பதிப்பில் காத்திருப்பு இருபது என்று எழுதியிருந்தேன். என் தப்பு. அறைச் சூட்டில் இருபது போதும். குளிர்ந்து கிடக்கும் பெட்டியில் போதாது. மெமரி அரைத் தூக்கத்தில் எதையாவது எழுதி, பெட்டி மறுபடி எழவே எழாமல் செங்கல்லாகிவிடும். ஒரு குளிர்காலக் காலையில் என் போர்டுகள் இரண்டு அப்படிச் செத்தன. இன்னும் அலமாரியில் இருக்கின்றன. அதன் பிறகுதான் இருநூறு.

ஆக, முந்நூறு பக்க ரகசியத்தை எழுதியவன் யார்? அந்தப் பத்து நாளுக்குள் என் குறிப்பைச் சுட்டு, அடிக்குறிப்பை வெட்டி, புரியாத நாலெழுத்துக்குத் தாங்களாகவே ஒரு விரிவு கண்டுபிடித்து, முத்திரை குத்தி என் சகலைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

உடனே கீழே ஓடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஓடவில்லை. டீ போட்டுக் குடித்தேன். வெள்ளிக்கிழமை வெளியீடு, சனிக்கிழமை குளிர், ஞாயிற்றுக்கிழமை உலகம் பூராவிலிருந்தும் சகலைக்கு வசவு. அந்த டீ அவ்வளவு ருசியாக இருந்தது.

வியாழக்கிழமையும் அப்படியே ருசியாகப் போனது.

வெள்ளிக்கிழமை காலை மனைவி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது கேட்டாள். அங்கே அலுவலகப் பொறுப்பு அவளுக்கு. "எங்க நாற்பது பெட்டிக்கும் இன்னைக்கு உங்க அப்டேட் வருதாமே, போட்டுடலாமா?"

"திங்கட்கிழமை போடு."

"ஏன் திங்கட்கிழமை?"

கணக்கு டீச்சரின் மகள் அவள். நாலு கேள்வியில் எல்லாவற்றையும் கறந்துவிட்டாள். முதலில் சிரித்தாள், தான் கோபித்துக்கொண்டிருந்த அந்தப் பத்து நாளுக்குள் திருடியிருக்கிறானா என்று. பிறகு சிரிப்பு நின்றது. பள்ளிக்கூடத்தின் நாற்பது பெட்டி தப்பிக்கும், மற்றவர்களுடையது என்னவாகும் என்று கேட்டாள்.

"சரி, நாளைக்குப் பெட்டியெல்லாம் போச்சுன்னா, யாரோட தப்புன்னு சொல்லுவாங்க?"

"அவனோடதுன்னுதான்."

சொல்லும்போதே எனக்குச் சுருக்கென்றது. இருபதைக் கண்டுபிடித்தவன் நான். இரண்டு போர்டைச் சாகக் கொடுத்தவன் நான். என் எழுத்தை என் பெயர் போடாமல் எடுத்தார்கள். இப்போது என் தப்பும் அவன் பெயரில் ஏறப் போகிறது. தப்பாவது எனக்கு மிஞ்ச வேண்டாமா?

பழைய குறிப்பை அச்செடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். மணி பதினொன்றே முக்கால். சகலை கம்பெனி இன்ஜினியரோடு வீடியோவில் இருந்தான். சோபாவில் மாமியார், குறுக்கெழுத்து.

வெளியீட்டை நிறுத்து, இருபது தப்பு என்றேன். சகலை ஒலியை அடைத்துவிட்டுத் திரும்பினான். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணா, பெட்டி வந்ததுலேர்ந்து உங்களுக்கு வயிறு எரியுதுன்னு எனக்குத் தெரியும். அதுக்காகக் கடைசி நிமிஷத்துல வந்து இப்படியா?"

அவன் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் மீதியை நம்ப வைப்பது கஷ்டமாக இருந்தது. புதன்கிழமையே தெரியும் என்பதையும் சொன்னேன். அவன் முகம் மாறியது. பதினேழாம் பக்கத்தை, தேதி தெரியும்படி கேமராவுக்கு நேரே பிடித்தேன். அந்த நாலெழுத்துக்கு விரிவு சொன்னது யார் என்று இன்ஜினியரிடம் கேட்கச் சொன்னேன்.

இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றினார். மாட்டினார். பிறகு ஒப்புக்கொண்டார். அந்தச் சிப்பைச் செய்த சின்னக் கம்பெனியை இவர்கள் விலைக்கு வாங்கினார்களாம். சிப் வந்தது, காகிதம் வரவில்லை. யாரோ இணையத்தில் கிடைத்ததைச் சேர்த்துக் கையேடாக்கியிருக்கிறார்கள். விரிவு, ஊகம். உண்மையில் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்.

அறையில் பென்சில் ஓடும் சத்தம் நின்றிருந்தது.

"சொல்லுங்கண்ணா," என்றான் சகலை. "என்ன அது?"

மணி பதினொன்று ஐம்பத்தைந்து. அடிக்குறிப்பைப் படித்தேன். ஒரு வார்த்தை விடாமல், கதவு அறைவது உட்பட.

மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதைக் கம்பெனி புத்தகமா அடிச்சிருக்கா?"

"ஆமாங்கத்தை."

"எத்தனை பேரு படிப்பாங்க?"

ஒப்பந்தம் போட்டவர்கள் எல்லாரும், உலகம் பூரா என்றான் சகலை. அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அரைத் தூக்கத்துல எழுப்பினா எந்த மாமியாரும் அறையத்தான் செய்வா. இருநூறுன்னு மாத்துங்க சின்ன மாப்பிள்ளை."

சகலை மாற்றினான். பன்னிரண்டு மணிக்கு இருநூறோடு வெளியானது. நாற்பதாயிரத்தில் ஒன்றும் சாகவில்லை. சகலை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இருபதுக்காக இல்லை, புதன்கிழமைக்காக. பிறகு அவனே ஈயக் கம்பி கேட்டு மேலே வந்தான்.

கம்பெனி திருத்திய கையேட்டை எனக்கும் அனுப்புவதாகச் சொன்னது. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம், நான் எழுதியதை நான் படிக்க. போட்டேன். அந்தப் பெட்டி வேண்டுமே எனக்கு. பெயரை மட்டும் மாற்ற முடியாது, ஏழு பதிப்பு ஓடிவிட்டது என்றார் இன்ஜினியர்.

அடுத்த மாதம் பெட்டி வந்தது. மேலே என் பெயர். மாடி பூட்டியிருந்ததால் கூரியர்காரர் கீழ்வீட்டில் கொடுக்க, மாமியார் வாங்கிப் பிரித்திருந்தார். நான் போனபோது துண்டு கிண்டு போட்டு மூடாமல் மடியில் விரித்து, பென்சிலோடு உட்கார்ந்திருந்தார்.

முந்நூறு பக்கத்தில் எனக்கான நன்றி ஒரே வரி, அதிலும் என் பெயரில் எழுத்துப்பிழை. எம்.எம்.ஒய்.ஆர். நாற்பத்தோரு இடத்தில் இருக்கிறது. எண்ணிச் சொன்னவர் அவர்தான்.